மாடியில் பவளம், கீழே மதாம்

உயிரோடு இருப்பதைப் பிளேடால் இரண்டாக அறுத்து, இரண்டையும் உயிரோடு விற்கிற தொழில் என்னுடையது. கேட்டதுமே நம்பின ஆள் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தெருவுக்குப் புரியாத ஏதாவது ஒரு வேலையைச் செய்கிறவரா நீங்கள்? மொட்டை மாடியில் தேனீப் பெட்டி, படுக்கையறையில் சிப்பிக் காளான், குளியலறையில் மெழுகுவத்தி என்று ஏதாவது? அப்படியானால் வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி. நான் குருசுக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். என் கணவர் குமரன் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறார். நான் ஹாலில் கண்ணாடித் தொட்டிகளில் பவளம் வளர்த்து, வெட்டி, சின்னச் சின்னப் பீங்கான் வில்லைகளில் ஒட்டி, வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு விற்கிறேன். கல்லாக இறுகுகிற வகைகளைத் தொடுவதில்லை. அதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. தோல் பவளம், காளான் பவளம், பொத்தான் பவளம் என்று மெத்தென்ற வகைகள் மட்டும்தான். இவையும் கடலில் பிடுங்கினவை இல்லை. யாரோ தொட்டியில் வளர்த்ததின் துண்டு, அந்தத் துண்டின் துண்டு.

கீழ்ப் போர்ஷனில் வீட்டுச் சொந்தக்காரர் மதாம் ரோசலின். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். பிள்ளைகள் பிரான்ஸில். பால் பாக்கெட்டைக்கூட கையில் தூக்கி எடை பார்த்துத்தான் உள்ளே எடுத்துப் போவார். வருஷா வருஷம் தை பிறந்தால் அக்ரிமென்ட் புதுப்பிப்போம். இந்தத் தடவை மழைக்காலத்திலேயே சொல்லிவிட்டார், "செல்வி, இந்த வருஷம் யோசிச்சி தான் கையெழுத்து போடுவேன்" என்று. மனுஷர்கள் வீடு மாறலாம். இந்தத் தொட்டிகள் மாறாது. அடி மணலைக் கிளறினால் அதில் அடங்கிக் கிடக்கிற அழுக்கெல்லாம் கிளம்பி, மேலே இருப்பதையெல்லாம் கொன்றுவிடும். வீட்டை விட்டால் தொழிலையும் விட வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும், மதாமுக்கும் தெரியும். அந்த மழைக்காலத்திலிருந்து தை வரைக்கும் என் வாசல் படியேறின சந்தேகங்கள்தான் கீழே இருப்பவை.

நீல வெளிச்சம்

பவளத்துக்கு நீல விளக்கு வேண்டும். பொழுது சாய்ந்தால் எங்கள் ஜன்னல் மட்டும் தெருவில் தனியாக நீலமாக நிற்கும். எதிர்ச்சாரியில் யாரோ போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள், மாடியில் லைட் வைத்து ஏதோ செடி வளர்க்கிறார்கள் என்று. எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காவலர் மேலே வந்தார். நான் அப்போது இருந்த கோலம் இது: கையில் ரப்பர் உறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, வாயில் மாஸ்க், விரலிடுக்கில் பிளேடு. பொத்தான் பவளத்தின் சாற்றில் விஷம் உண்டு, கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிதான், அதற்காகத்தான் இந்த வேஷம் என்று அவருக்கு விளக்கினேன். 'விஷம்' என்று சொன்ன பிறகுதான் வேறு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அவர் மூலையில் இருந்த வெள்ளைத் தூள் மூட்டையைப் பார்த்தார். உப்பு என்றேன். விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இது செடி தானே?" "இல்ல சார், பிராணி." "பிராணின்னா வாய் எங்க?" "நடுவுல இருக்குது சார்." "காலு?" "இல்ல சார்." "வெட்டினா சாவாதா?" "சாவாது சார், ரெண்டாவும்." படிக்கட்டின் கீழே மதாம் தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காவலர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "கஞ்சாவா இருந்தா கூட எங்களுக்கு சுலபமா புரிஞ்சிருக்கும்மா."

கடல் காய்ச்சுகிறவள்

வீராம்பட்டினத்திலிருந்து கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் தெருவில் மீன் விற்கிறவர் கன்னியம்மா அக்கா. ஒரு நாள் உப்பு மூட்டைகள் வந்து படிக்கட்டில் இறங்கிய நேரம் பார்த்து வந்துவிட்டார். இத்தனை உப்பு எதற்கு, ஊறுகாய் போடுகிறாயா என்று கேட்டார். இல்லை அக்கா, குழாய்த் தண்ணீரை மெஷினில் சுத்தம் பண்ணி, அதில் இந்த உப்பைக் கலந்து கடல் தண்ணீர் செய்கிறேன் என்றேன்.

அக்கா கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டார். இரண்டு தெரு தள்ளிக் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒருத்தி காசு கொடுத்து உப்பு வாங்கிக் கடல் காய்ச்சுகிறாள். கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, சேறு இருக்கிறது, பவளம் தாங்காது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி நான் கோள் சொன்ன மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு நல்ல சங்கரா எதுவும் கிடைக்கவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, எங்க கடல்ல அப்படி இன்னா குத்தம் கண்ட நீ?"

ரேகை இல்லாத கை

வெட்டின துண்டை வில்லையில் ஒட்ட சூப்பர் க்ளூ. தண்ணீருக்குள்ளேயே பிடிக்கிற பசை அதுதான். துண்டில் ஒட்டுகிறதோ இல்லையோ, என் விரலில் நிச்சயம் ஒட்டும். சாப்பிடும்போது உரித்துப் போடுவேன், மறுநாள் மறுபடி ஏறிவிடும்.

புது சிம் கார்டு வாங்கப் போனேன். பெருவிரலை வைக்கச் சொன்னார் கடைக்காரர். மெஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தேன். எச்சில் தொட்டு வைத்தேன். இடது கை. ஊஹூம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் என் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பத்து விரலும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தன. பவளம் ஒட்டுகிற பசைங்க என்றேன். அவர் ஆதார் கார்டில் இருக்கிற என் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, மனசுல வெச்சிக்காம சொல்லுங்க, எந்த ஊர்ல இன்னா பண்ணிட்டு வந்தீங்க?"

மூடிக்கொண்ட தோல்

காலாப்பட்டில் புதிதாக வீடு கட்டிக் குடியேறிய ஒரு சார், என்னிடம் தோல் பவளத் துண்டு ஒன்று வாங்கிப் போனார். இந்தப் பவளத்தின் சுபாவம், வெட்டுப் பட்டால் கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் வரும். அதை உரித்துத் தள்ளிவிட்டுத்தான் மறுபடி விரியும். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள் சார் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனவர், காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ என்று அனுப்ப ஆரம்பித்தார். முதலில் 'வாடுது' என்று எழுதினார். பிறகு 'செத்துடுச்சி' என்றார். பிறகு 'செத்ததைத் தான் குடுத்தீங்களா' என்று கேட்டார். ஒரு நாள் எனக்கு முன்னால் மதாமுக்குப் போன் வந்துவிட்டது. என் நம்பர் எடுக்கவில்லையாம், வீட்டுச் சொந்தக்காரர் நம்பரை யாரிடமோ விசாரித்து வாங்கிவிட்டார். "யாரோ செத்துட்டாங்கன்னு ஒருத்தர் பேசறார்" என்று மதாம் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

பஸ் ஏறிக் காலாப்பட்டுக்கே போனேன். துண்டில் ஒரு குறையும் இல்லை, தோல் உரிகிற பதத்தில் இருந்தது. கையை வைக்காதீங்க, தொட்டியைத் தட்டாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அது விரிந்தது. நுனி நுனியாகப் பூத்து, நான் கொடுத்ததைவிட இரண்டு மடங்காக நின்றது. இனி மனுஷர் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று போனை எடுத்தேன். அவர் கேட்டது இதுதான்: "இவ்ளோ பெருசா விரியுதே, ஊசி கீசி ஏதாவது போட்டுக் குடுத்தீங்களா?"

துண்டுக்குத் துண்டு

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தன்னிடம் இருக்கிற நல்ல பவளத்தில் ஒரு துண்டை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுத்து, பதிலுக்கு அவருடையதில் ஒன்று வாங்கிக்கொள்வது. கேட்க அழகாக இருக்கும். நடப்பது வேறு. லாஸ்பேட்டையிலிருந்து குணசேகர் என்று ஒருவர் வருவார். என்னைப் போலவே மாடியில் தொட்டி வைத்திருக்கிறவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே துண்டு மாற்றிக்கொள்வோம். மாற்றின கையோடு அவர் என் துண்டை மருந்துத் தண்ணீரில் முக்கி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, பவளத்தைத் தின்னும் தட்டைப் புழு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் எதிரிலேயே நானும் அவருடையதை முக்கிப் பார்ப்பேன். காபி ஆறிக் கிடக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டு தரப்பும் பல்லைப் பிடித்துப் பார்த்தால் எப்படியோ, அப்படி.

ஒரு தடவை என் துண்டிலிருந்து மருந்துத் தண்ணீரில் எதுவோ உதிர்ந்தது. வெறும் மணல்தான். ஆனாலும் அவர் அதைக் கடைசி வரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னங்க, இத்தனை வருஷப் பழக்கம், என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டே விட்டேன். நிமிராமலே சொன்னார்: "உங்க மேல நம்பிக்கை இருக்குங்க, உங்க டேங்க் மேல தான் இல்ல."

கூரையில் ஈரம்

மார்கழியில் ஒரு காலை, மதாம் என்னைக் கீழே கூப்பிட்டார். அவர் ஹாலின் கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு ஈரம். நேர் மேலே என் பெரிய தொட்டி. தை பிறக்க அதிக நாள் இல்லை. மதாம் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூரையையும் என்னையும் பார்த்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மேலே ஓடிப்போய் உப்பு பார்க்கிற கருவியை எடுத்து வந்தேன். ஒரு முனையில் சொட்டுத் தண்ணீர் வைத்து, மறு முனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எவ்வளவு உப்பு என்று கோடு காட்டும். ஸ்டூல் மேல் ஏறி, கூரையில் முட்டிக்கொண்டு நின்ற சொட்டை அதில் பிடித்தேன். கோடு பூஜ்யத்தில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். "பாருங்க மதாம், உப்பே இல்ல! என் தொட்டி பூரா கடல் தண்ணி. ஒழுவினா உப்பு காட்டணும். இது என் தண்ணி இல்ல" என்றேன். மதாம் கருவியை வாங்கி ஜன்னலைப் பார்த்துப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு கண்ணாலும் பார்த்தார்.

பவளம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டில் இருக்கிற தண்ணீரெல்லாம் எங்களுக்குக் கடல்தான். அந்தக் கடலைச் செய்வதற்கு முன்னால், நாள் முழுக்க ஓடி, நல்ல தண்ணீரை ஒரு பக்கமும் கழிவுத் தண்ணீரை மறு பக்கமும் விடுகிற ஃபில்டர் ஒன்று அதே ஹாலில் இருப்பது எங்கள் கணக்கிலேயே வராது. மதாமின் கணக்கில் வந்தது. கருவியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டி, நிதானமாகக் கேட்டார்: "நோன், நோன். தொட்டியில உப்பு, சரி. உப்பு போடறதுக்கு முன்னாடி நீ அந்த மிஷின்ல புடிக்கிறியே, அது உப்பா?"

காவலுக்கு ஒரு நாற்காலி

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. ஃபில்டரை மூட வேண்டும். மூடின பிறகு கூரை காய்ந்தால் அது என் தண்ணீர், தைக்குப் பிறகு வேறு வீடு. காயாவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம். நான் கேன் தண்ணீர் வாங்கித் தொட்டிகளுக்கு ஊற்ற ஆரம்பித்தேன். ஆனால் நான் மூடினேன் என்று சொன்னால் போதுமா? மதாம் ஒரு பிரம்பு நாற்காலியை மேலே அனுப்பினார், பின்னாலேயே தானும் வந்தார். ஃபில்டர் குழாயைப் பார்த்த மாதிரி, தொட்டிகளுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார். காலைக் காபி முடிந்ததும் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்குவார். ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி வந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை. குமரன் ஷிஃப்ட் முடிந்து வந்து, லுங்கி மாற்ற இடமில்லாமல் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஆர்டர்களை நிறுத்த முடியாது. அவர் இருக்கும்போதே ஒரு காளான் பவளத்தை எடுத்து, நடுவில் பிளேடு வைத்து அறுத்தேன். கொழகொழவென்று ஏதோ வழிந்தது. "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இரண்டும் பிழைக்கும் மதாம் என்றேன். பிழைக்காது என்றார். இரண்டு துண்டையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் மணல் பரப்பி, வலை மூடி, தொட்டிக்குள் வைத்தேன். ராத்திரியில் செத்த துண்டை எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்து ஏமாற்றுவேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். கிண்ணத்தைத் தன் கண்ணுக்கு நேரே வைக்கச் சொன்னார். மறுநாள் வந்ததும் குழாயைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தார். வெட்டின ஓரம் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒவ்வொரு துண்டிலும் அந்த ஓரம் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. ஒரு துண்டு நிமிர்ந்தது. "இது முழிச்சிக்கிச்சி, அது தூங்குது" என்றார் ஒரு நாள் காலை, எனக்கு 'போன்ழூர்' என்று காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால்.

தினம் சாயங்காலம் இரண்டு பேருமாகக் கீழே போய்க் கூரையைப் பார்ப்போம். நான் ஸ்டூலில் ஏறிக் கையை வைத்துப் பார்ப்பேன். கை நனைந்தால் எனக்குப் பாதி உயிர் திரும்பும். இன்னொருத்தர் வீட்டுக் கூரை நனைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அந்த நாட்களில் நான் வேண்டாத சாமி இல்லை, மதாமின் மாதா கோயில் உட்பட. ஈரம் காயவில்லை. தோசைக்கல் ஜமுக்காளம் ஆனது. கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டுச் சுவரைக் கொத்தினோம். மொட்டை மாடியில் இருக்கிற குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து மதாமின் குளியலறைக்குச் சுவருக்குள்ளேயே இறங்குகிற பழைய இரும்புக் குழாய், துருப்பிடித்துச் சல்லடையாகி இருந்தது. பிளம்பர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே எட்டிப் பார்த்து, வரிசையாக நின்ற என் தொட்டிகளைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார்: "இவ்ளோ தண்ணிய ஊட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு, குழாய் மேலயா பழிய போடறீங்க?"

கையெழுத்து

புதுக் குழாய் போட்டார்கள். தை பிறந்தது. கூரை காய்ந்து வெளுத்தது. மதாம் என் ஹாலிலேயே, அந்தப் பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்து, அக்ரிமென்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. கிண்ணத்தில் இரண்டு துண்டும் இரண்டு முழுக் காளானாக, தனித்தனியாக விரிந்து நின்றன. அவற்றை விற்க எனக்கும் மனசு வரவில்லை.

மதாம் எழுந்தார். அவருக்கு முதுகு வலி, படியில் சுமக்க வேண்டாமே என்று நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் நின்று திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை, அதே பால் பாக்கெட் பார்வைதான். "எங்க தூக்கினு வர? அங்கயே வை. ஈரம் உன்து இல்லன்னு தான் தெரிஞ்சிது. அந்த ரெண்டாவது துண்டு பழைய துண்டு தானான்னு எனக்கு இன்னும் சந்தேகம் போவல. நாளைக்கு காலைல வரேன்."

ஆகவே, நம்ம கட்சிக்காரர்களே, வீட்டுச் சொந்தக்காரரின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்த்து வைத்துவிடாதீர்கள், அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிற வரைக்கும்தான் நம் தலைக்கு மேலே கூரையும் இருக்கிறது.